பொன் வேய்ந்த நாட்டில் ஒழுகும் கூரை

புயலுக்குச் சாதி தெரியாது. மழைக்கு மிராசுதார் யார், பண்ணையாள் யார் என்ற வேறுபாடு தெரியாது. வங்கக் கடலில் பிறந்து, நாகையிலோ கடலூரிலோ கரையேறும் காற்று, மாட வீதியையும் சேரியையும் ஒரே வேகத்தில்தான் கடக்கிறது. காற்றுக்குக் கண்ணில்லை, காழ்ப்பும் இல்லை. ஆனால், மறுநாட் காலையில் ஊரைச் சுற்றிப் பாருங்கள்! மாடி வீட்டில் சன்னல் கண்ணாடி இரண்டு உடைந்திருக்கும். ஓட்டு வீட்டின் ஓரத்தில் பத்து ஓடுகள் சரிந்திருக்கும். சேரியிலோ, கூரை இருந்த இடத்தில் வானம் இருக்கும்!

ஒரே காற்று, ஒரே இரவு, ஆனால் அழிவு மட்டும் ஒன்றல்ல. ஏன்?

“அவரவர் தலையெழுத்து” என்பார் பழைமைவாதி. “இயற்கையின் சீற்றம், என் செய்வது!” என்பார் நாகரிகப் போர்வை போர்த்திய அவருடைய தம்பி. இரண்டும் ஒரே பல்லவிதான். ஒன்று ஆண்டவன்மேல் பழியைப் போடுகிறது. மற்றொன்று ஆகாயத்தின்மேல் போடுகிறது. தரையில் நின்று காரணம் தேட இருவருமே அஞ்சுகின்றனர். நாம் தேடுவோம். ஒரு கூரை ஏன் ஒழுகுகிறது என்ற கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு தமிழக வரலாற்றுக்குள் நுழைந்து பார்ப்போம். மன்னர்களின் மெய்க்கீர்த்திகள் சொல்லாத பல செய்திகளை அந்தக் கூரை நமக்குச் சொல்லும்.

பாணன் வீட்டுக் கூரை

சங்க காலத்தைப் பொற்காலம் என்று போற்றுகிறோம். போற்றத்தக்கவை அங்கே பல உண்டு. அந்தக் காலத்துப் புலவர்களுக்கு இருந்த ஒரு பெருஞ்சிறப்பு, ஏழையின் வீட்டை மறைக்காமல் பாடியது. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடிசையைக் காட்டும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், ஈந்தின் இலையால் வேய்ந்த அதன் மேற்புறத்தை முள்ளம்பன்றியின் முதுகுக்கு ஒப்பிடுகிறார். கூரையை ஏறிட்டுப் பார்த்தவர்க்கே அந்த உவமை தோன்றும்.

சிறுபாணாற்றுப்படை இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. நல்லூர் நத்தத்தனார் ஒரு பாணன் வீட்டு அடுக்களையைக் காட்டுகிறார். கூரையின் கழிகள் கட்டுவிட்டுச் சரிந்து கிடக்கின்றன. பழஞ்சுவரில் கறையான். ஈரத்தில் காளான் பூத்திருக்கிறது. பாணனின் மனைவி குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி, உப்பின்றி வேகவைத்து, அயலார் கண்ணில் பட்டுவிடுமோ என்று நாணிக் கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள். காளானும் கறையானும் வேறெதைக் காட்டுகின்றன? அந்தக் கூரை நெடுநாளாக ஒழுகிக்கொண்டிருந்தது என்பதைத்தான்!

அந்தப் பாணனுக்கு வள்ளல் நல்லியக்கோடன் என்ன கொடுத்தான்? யானையும் தேரும் கொடுத்தான் என்கிறது பாட்டு. கொடையின் பெருமை குறைந்ததன்று. ஆனால், பகுத்தறிவாளன் ஒரு கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியுமா? யானையைக் கட்டத் தறி வேண்டும். தேரை நிறுத்தக் கொட்டில் வேண்டும். அடுக்களைக்கு வேண்டியது நான்கு கழியும் நாற்பது கட்டு ஓலையும். அவற்றை யார் கொடுத்தார்? வள்ளன்மை வேறு, வாழ்வுரிமை வேறு என்பதை அந்தச் சரிந்த கூரை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உணர்த்திவிட்டது.

இருவகை வேய்தல்

தமிழில் ‘வேய்தல்’ என்பது அருமையான சொல். கூரைக்கு ஓலை போடுவதும் வேய்தல். தலையில் பூச் சூடுவதும் வேய்தல். மன்னன் முடி தரிப்பதும் வேய்தல். இந்த ஒரு சொல்லுக்குள்ளேயே நமது சமுதாயத்தின் மேடும் பள்ளமும் அடங்கிக் கிடக்கின்றன.

10ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதற் பராந்தகச் சோழன், தில்லைக் கூத்தனின் அம்பலத்துக்குப் பொன் வேய்ந்தான். ‘பொன் வேய்ந்த பராந்தகன்’ என்று வரலாறு அவனைப் பாராட்டுகிறது. அதே சோழ நாட்டில், ஒரு நூற்றாண்டுக்குள், முதலாம் இராசராசன் எடுத்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் படியுங்கள். கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் வரியில்லாத நிலங்கள் எவையெவை என்று பட்டியல் வருகிறது: ஊர் நத்தம், குளம், சுடுகாடு, கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி! தீண்டாச்சேரி என்ற சொல்லைக் கல்லில் வெட்டி வைத்துவிட்டுத்தான் வானளாவும் விமானத்தின் உச்சியில் கலசம் ஏற்றினர். ஆண்டவன் தலைமேல் பொன். உழைத்தவன் தலைமேல் ஓலை.

“காசில்லை, அதனால் ஓலை, அதற்கு அரசன் என்ன செய்வான்?” என்று கேட்கலாம். காசு மட்டும் காரணமாக இருந்திருந்தால் நாம் வரலாற்றை இவ்வளவு கடுமையாகக் கேள்வி கேட்க வேண்டியதில்லை. காசிருந்தும் கூரையை உயர்த்த முடியாது, சுவரைக் காக்க முடியாது என்ற நிலை இருந்ததற்கும் கல்வெட்டே சான்று.

கருவூர்ப் பசுபதீசுவரர் கோயிலில் கொங்கு நாட்டு அரசன் ஒருவனின் ஆணை உள்ளது. கோனேரின்மை கொண்டான் என்ற பட்டம் பூண்டவன் அவன். அந்த ஆணை யாருக்கு? கம்மாளர்களுக்கு. தச்சரும் கொல்லரும் தட்டாரும் கன்னாரும் சிற்பியரும் அடங்கிய கைவினை மக்களுக்கு! அவர்களுக்கு அரசன் வழங்கிய ‘உரிமைகள்’ எவை? நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதிக் கொட்டு முழக்கிக்கொள்ளலாம். வெளியே செல்லும்போது செருப்பு அணியலாம். தங்கள் வீட்டுச் சுவர்களுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம்!

தோழர்களே, இந்த மூன்றாவது உரிமையைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். சலுகையாக ஒன்றைக் கொடுத்தார்கள் என்றால், அதற்கு முந்திய நாள் வரை அது மறுக்கப்பட்டிருந்தது என்பது பொருள். கோயிலுக்குக் கல் செதுக்கியவன், கோட்டைக்குக் கதவு செய்தவன், அரண்மனைக்கு அணி செய்தவன் தன் சொந்த வீட்டுச் சுவரில் ஒரு கரண்டி சாந்தை அப்ப அரசனின் ஓலைக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது! சாந்து அழகுக்காக மட்டும் பூசப்படுவதன்று. மழைச்சாரலை மண்சுவர் குடிக்காமல் தடுப்பது சாந்து. சுவர் நனைந்தால் அடி கரையும். அடி கரைந்தால் சுவர் சாயும். சுவர் சாய்ந்தால் கூரை நிற்குமா? பழுதுபார்க்கும் கைத்திறன் முழுவதையும் கையில் வைத்திருந்தவனுக்கே பழுதுபார்க்கும் உரிமை இல்லை. வருணாச்சிரமம் எவ்வளவு நுணுக்கமாக வேலை செய்திருக்கிறது, பார்த்தீர்களா?

மலையாளக் கரையிலும் இதே கதைதான். அங்கே ஓட்டுக் கூரை கோயிலுக்கும் அரண்மனைக்கும் உரிய அடையாளமாக இருந்தது. பிறர் ஓடு வேய ஆள்வோரின் இசைவு வேண்டும். இன்று குமரி மாவட்டமாக நம்மோடு இணைந்திருக்கும் தென் திருவிதாங்கூர்ப் பகுதியில் நாடார் மக்கள் மாடி வைத்து வீடு கட்டக் கூடாது, செருப்பணியக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடுகள் இருந்தன. குடை என்பது என்ன? நடமாடும் கூரை! இரண்டு பருவமழையும் நனைக்கும் நாட்டில், வீட்டிலும் உயர்ந்த கூரை கூடாது, வழியிலும் குடை கூடாது என்றால், அந்த மழை மேகத்திலிருந்து பெய்ததா, மேல்சாதித் திமிரிலிருந்து பெய்ததா?

கூரைக்குக் கீழே இருந்த மண்

வெள்ளையர் ஆட்சி வந்தது. மன்னர்களின் ஆணைகள் மறைந்தன. கூரை நிமிர்ந்ததா? நிமிரவில்லை. ஏனெனில், கூரையைத் தாங்கிய மண் வேறொருவனுக்குச் சொந்தமாக இருந்தது.

1891இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரெமென்ஹியர், அங்குள்ள ஆதிதிராவிட மக்களின் நிலையை ஆராய்ந்து அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். நிலமின்மையைப் பற்றி மட்டும் அவர் எழுதவில்லை. குடியிருக்கும் மனையும் அவர்களுக்கு உறுதியில்லை என்பதையும் எடுத்துக்காட்டினார். குடிசை நிற்கும் இடமே மிராசுதாரின் பிடியில் இருந்தது. எதிர்த்துப் பேசினால், வேறோர் இடத்துக்கு வேலைக்குப் போனால், “மனையைக் காலி செய்” என்ற ஒரு சொல் போதும். அந்த அறிக்கையின் பின்விளைவாக 1892இல் ஒடுக்கப்பட்டோர்க்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்று பேசுவது அதைத்தான். அந்த நிலங்களில் எத்தனையோ கைமாறிப் போனது தனிக்கதை.

தஞ்சைத் தரணியில் நிலை இன்னும் கொடியது. பண்ணையாள் குடிசை போட்டிருந்தது பண்ணையின் நிலம். கழிக்கு மூங்கில் வெட்ட வேண்டுமானால் மூங்கில் கொல்லை பண்ணையுடையது. கீற்று முடைய மட்டை வேண்டுமானால் தென்னந்தோப்பு பண்ணையுடையது. மேலே பரப்ப வைக்கோல் வேண்டுமானால், அவனே அறுத்து, அவனே அடித்து, அவனே சுமந்து வந்து போட்ட வைக்கோற்போர் பண்ணையின் களத்தில் இருந்தது. ஒழுகும் கூரையைப் பழுதுபார்க்க அவன் நான்கு இடத்தில் கைகட்டி நிற்க வேண்டும். நாளை இந்த மனை நமக்கு இருக்குமா என்று தெரியாதவன், தேக்குக் கைமரமா போடுவான்? கல் அடித்தளமா எழுப்புவான்? கையில் கிடைத்ததை வைத்து இந்த மழைக்கு ஒப்பேற்றுவான். அடுத்த மழையில் மீண்டும் நனைவான்.

1952 ஆகத்தில் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புக்கான அவசரச் சட்டம் வந்தது. தக்க காரணமின்றி ஆளை விரட்டக் கூடாது என்றது. அதே ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் பெரும் புயல் நாகைக் கரையைத் தாக்கியது. சட்டம் காகிதத்தில் இருந்தது. காற்று கூரையில் இருந்தது. வேலையிலிருந்து விரட்டக் கூடாது என்ற சட்டம், குடியிருக்கும் மண்ணை அவனுக்குச் சொந்தமாக்கவில்லை.

கூரையின் கொடுமை மழையோடு முடிந்ததா? 1968 திசம்பர் 25ஆம் நாள் இரவு, கீழவெண்மணியில், கூலிக்காகப் போராடிய உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் வைத்து எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். தஞ்சம் என்று ஓடி ஒளிந்த கூரையே கொள்ளியாயிற்று. மழையைத் தடுக்க வலுவற்ற ஓலை, நெருப்பை வளர்க்க மட்டும் வலுப்பெற்றிருந்தது.

1971இல் குடியிருப்பு மனை உரிமைச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு சூன் 19ஆம் நாளன்று பிறர் நிலத்தில் குடியிருந்த உழவர், உழவுத் தொழிலாளர் ஆகியோர்க்கு அந்த மனையைச் சொந்தமாக்கியது அச்சட்டம். கூரை வரலாற்றில் இது ஒரு திருப்பம் என்பேன். பொன் வேய்ந்த ஆண்டைப் பள்ளியில் மனப்பாடம் செய்கிறோமே, மண் உரிமையான இந்த ஆண்டையும் மாணவர்க்குச் சொல்லிக் கொடுத்தால் என்ன? தன் மண்ணில் நிற்பவனே தன் கூரையை அச்சமின்றிப் பிரித்து மேய முடியும்.

காற்றின் கணக்கு

உரிமை வந்தால் போதுமா? அறிவும் வேண்டும். புயல் கூரையை எப்படிப் பறிக்கிறது என்பதை அறியாமல் அதைக் காப்பது எங்ஙனம்?

காற்று கூரையை அழுத்தித் தள்ளுகிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் பெருங்காற்று கூரையின்மேல் ஏறிக் கடக்கும்போது அதை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. அந்த இழுப்பு மிகுதியாக இருக்கும் இடங்கள் மூலைகள், முகடு, இறவாரம். அதே வேளையில் திறந்த கதவு வழியாகவோ பிய்ந்த தட்டியின் வழியாகவோ உள்ளே புகுந்த காற்று, கூரையை அடியிலிருந்து மேலே தள்ளுகிறது. வெளியே இழுப்பு, உள்ளே தள்ளு. கட்டு எங்கே நைந்திருக்கிறதோ அங்கே முதலில் விடுகிறது; ஓரிடம் விட்டால் மற்ற இடங்கள் வரிசையாக விடுகின்றன. காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் விசை இருமடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் ஆடாமல் நின்ற கூரை, 100 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதன் காரணம் இதுதான். பேயும் இல்லை, பிசாசும் இல்லை, பெருக்கல் கணக்கு!

இந்தக் கணக்கை ஏட்டில் படிக்காமலே கையால் கண்டறிந்தவர்கள் நம் கடற்கரை மக்கள். கழிமுகப் பகுதியின் பழைய குடிசையைப் பாருங்கள். நாற்புறமும் சரிந்த கூரை. இறவாரம் மண்ணைத் தொடும் அளவுக்குத் தாழ்வு. மேலே குறுக்கும் நெடுக்கும் கயிறு. இரண்டு பக்கம் மட்டும் சரிந்து, மற்ற இரண்டு பக்கம் செங்குத்தாக நிற்கும் கூரையைவிட நாற்புறச் சரிவு காற்றைத் தாங்கும் என்று இன்றைய பொறியியலும் சொல்கிறது. “குனிந்து போகும் குடிசை” என்று நாம் இரங்குகிறோம். அந்தக் குனிவில் பாதி வறுமை; பாதி அறிவு. வறுமையை ஒழிக்கும் வேகத்தில் அந்த அறிவையும் தூக்கி எறிந்துவிடக் கூடாது.

கீற்றுக் கூரையின் ஆயுள் இரண்டு மூன்று ஆண்டு. பழைய கீற்றின்மேலேயே புதுக் கீற்றைப் போட்டுக்கொண்டே போவது பலரின் வழக்கம். அடியில் இருப்பது மட்கிப் பொடியாகிவிட்டால் மேலே இருப்பதற்குப் பிடிப்பேது? பிரித்து, மட்கியதை எறிந்து, வரிச்சைத் தட்டிப் பார்த்து, நைந்த கட்டை அவிழ்த்துப் புதிதாகக் கட்டி, அதன்பின் மேய்வதே முறை. கைமரம் விட்டத்தோடும், விட்டம் தூணோடும், தூண் தரையோடும் ஒரே சங்கிலியாகப் பிணைந்திருக்க வேண்டும். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் கூரை காற்றுக்குச் சொந்தம்.

ஓட்டு வீட்டுக்கும் இதே விதிதான். 1865இல் மங்களூரில் பாசல் மிசன் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய பட்டை ஓடு, ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் அமைப்புடையது. நாட்டு ஓட்டைவிட மேம்பட்டது. ஆயினும் ஓரத்து வரிசையையும் முகட்டு வரிசையையும் கட்டி வைக்காவிட்டால் காற்று அங்கிருந்துதான் உரிக்கத் தொடங்கும். இன்னொன்று: உள்ளே சொட்டும் இடத்துக்கு நேர்மேலே ஓட்டை இருப்பதில்லை. மேலே ஓரிடத்தில் நுழைந்த நீர், சட்டத்தின் வழியே வழிந்து வந்து வேறோர் இடத்தில் சொட்டுகிறது. சொட்டும் இடத்தைப் பூசிவிட்டு, “பூசியும் ஒழுகுகிறதே” என்று அங்கலாய்ப்பதில் பயனில்லை. சரிவின் மேற்பக்கம் ஏறிச் சென்று தேட வேண்டும். விளைவைப் பூசுவது எளிது. மூலத்தைத் தேடுவதுதான் பகுத்தறிவு. சமுதாயத்துக்கும் இது பொருந்தும் அல்லவா?

நாள் பார்த்தவர் நனைந்த கதை

நம் மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை வடகிழக்குப் பருவக்காற்று அக்டோபர் முதல் திசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. புயல்களும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். ஆகவே, கூரை வேலையை முடிக்க வேண்டிய காலம் கோடையும், அதைத் தொடர்ந்து புரட்டாசி வரையும் உள்ள மாதங்கள். இது இயற்கை வகுத்த நாட்காட்டி.

பஞ்சாங்கம் வகுத்த நாட்காட்டியோ வேறு! ஆடியில் வீட்டு வேலை தொடங்கலாகாது என்கிறது. எஞ்சிய மாதங்களில் கரிநாள் போக, அட்டமி நவமி போக, இராகு காலம் எமகண்டம் போக, வீட்டுக்காரரின் பிறந்த விண்மீனுக்கு ஆகாத நாள் போக, மிஞ்சிய நாளில் கொத்தனாருக்கு வேறிடத்தில் வேலை! ‘ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்’ என்று பழமொழி சொல்லும் அதே வாய், ஆடியில் கூரையைக் கட்டாதே என்றும் சொல்லுமானால், அந்த வாய்க்கு நாம் ஏன் செவி சாய்க்க வேண்டும்?

மனையடி சாத்திரத்தைப் புரட்டுங்கள். அறை இத்தனை அடியென்றால் செல்வம், இத்தனை அடியென்றால் நோய், இத்தனை அடியென்றால் பகை என்று பட்டியல் போடுகிறது. தளத்தில் நீர் வடியச் சரிவு எவ்வளவு வேண்டும் என்று அந்தப் பட்டியல் சொல்கிறதா? சுவரின் நீளத்தில் செல்வத்தைத் தேடியவர், சுவரின் விரிசலில் நீர் புகுவதைக் கவனிக்கவில்லை.

பழைய மாடி வீடுகளின் கட்டைக்குத்துத் தளத்தைக் கண்டிருப்பீர்கள். தேக்கு உத்திரங்களின்மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, சுண்ணாம்புச் சாந்திட்டு, செங்கல் சல்லியைக் கொட்டி இடித்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மேலே தட்டோடு பதித்த தளம் அது. நூறாண்டு கடந்தும் நிற்பவை உண்டு. அத்தகைய தளத்துக்கு எமன் யார்? புயலா? அன்று! பறவையின் எச்சத்தில் விழுந்து, விரிசலில் முளைத்த ஓர் அரசங்கன்று. விரல் நீளத்தில் இருக்கும்போது கையால் பிடுங்கி எறியலாம். ஆனால் அரசமரம் தெய்வமாயிற்றே! பிடுங்கினால் பாவமாயிற்றே! கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுகிறார் வீட்டுக்காரர். வேர் உள்ளே இறங்குகிறது, விரிசல் விரிகிறது, ஐப்பசி மழை அதன் வழியே அடுக்களைக்குள் வருகிறது. தளத்தில் ஏறிய தெய்வம் தளத்தையே தின்றது!

காங்கிரீட்டும் கண்ணீரும்

சீர்திருத்தக் காலம் ஓலையை ஒழிக்கப் புறப்பட்டது. ஆதிதிராவிட மக்களுக்குத் தீப்பிடிக்காத வீடுகள் கட்டித் தரும் நோக்கத்துடன் 1974இல் தமிழ்நாடு ஆதிதிராவிடர் வீட்டுவசதிக் கழகம் உருவாயிற்று. 2010இல் ஊரகத்தின் 21 இலட்சம் குடிசைகளைக் காங்கிரீட் வீடுகளாக்கும் திட்டம், வீட்டுக்கு 75,000 ரூபாய் என்ற கணக்கில் தொடங்கப்பட்டது. 2011இல் ஆட்சி மாறியதும் சூரிய ஒளி விளக்குடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் வந்தது. 2024இல் மீண்டும், 2030க்குள் 8 இலட்சம் வீடுகள் என்ற திட்டம், வீட்டுக்கு 3.5 இலட்சம் ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. ஆட்சிகள் மாறின, குடிசையை ஒழிக்க வேண்டும் என்ற குறிக்கோள் மாறவில்லை. அது இந்த நாட்டு மக்கள் போராடிப் பெற்ற வெற்றி.

இதன் தேவையை எவரும் மறுக்க முடியாது. 2004 சூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் ஓலைக் கூரையில் பற்றிய தீ, 94 குழந்தைகளை விழுங்கியது. வகுப்பறையில் நிற்கும் ஆசிரியன் எவனும் அந்த எண்ணை மறக்க முடியாது.

எனினும், காங்கிரீட் போட்டதோடு கதை முடிந்துவிட்டதாக நினைத்தோமே, அங்கேதான் அடுத்த பிழை தொடங்கியது. நான் பாடம் நடத்தும் வகுப்பில் ஐப்பசி பிறந்தால் சில பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்கள் உப்பிப் பருத்து வரும். மை கரைந்த பக்கங்களை ஒன்றிலிருந்து ஒன்று உரிக்க வேண்டியிருக்கும். அவர்களுள் பலர் குடிசைப் பிள்ளைகள் அல்லர். தொகுப்பு வீட்டுப் பிள்ளைகள். கூரை காங்கிரீட்தான். ஆனால் ஒழுகுகிறது!

ஏன்? நீர் வடியச் சரிவு வைக்காத தளத்தில் மழைநீர் தேங்குகிறது. தேங்கிய நீர் நுண்ணிய விரிசல் வழியே கம்பியைச் சேர்கிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிடப் பருமன் மிக்கது. அது உப்பி, தன்னைச் சுற்றியுள்ள காங்கிரீட்டைப் பிளக்கிறது. கடலோர உப்புக்காற்று துருவை விரைவுபடுத்துகிறது. உப்பு மணலைக் கலந்து கட்டியிருந்தால் கேட்கவே வேண்டியதில்லை. ஒருநாள் உறங்குபவர் மார்பில் மேற்பூச்சு பெயர்ந்து விழுகிறது. அதற்குப் பின் என்ன காட்சி? காங்கிரீட் வீட்டின்மேல் தார்ப்பாய்! வீட்டுக்குப் பக்கத்தில் மீண்டும் ஒரு கீற்றுக் கொட்டகை!

தொடக்கத்திலேயே தளத்துக்குச் சரிவு கொடுத்து, தூம்பில் அடைத்த சருகை ஆண்டுதோறும் அகற்றி, விரிசலை விரியுமுன் அடைத்து, கம்பி தெரிந்த இடத்தில் துருவைச் சுரண்டி எடுத்துப் புதுச் சாந்திட்டிருந்தால் இந்த நிலை வந்திருக்காது. ஓலை வீடு தன் பழுதை உரக்கச் சொல்லும். இரண்டாண்டுக்கு ஒருமுறை மேயாமல் விடாது. காங்கிரீட் தன் பழுதை மறைத்து வைத்து, ஒருநாள் திடீரென்று வெளியிடும்.

2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கசா புயல் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகம். நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. குடிசைகள் கூட்டம் கூட்டமாக விழுந்தன. அரை நூற்றாண்டுத் திட்டங்களுக்குப் பின்னும் அத்தனை குடிசைகள் அங்கே இருந்தன என்பதை அந்தப் புயல்தான் நாட்டுக்கு எடுத்துக் காட்டியது.

கடலே பொங்கி ஊருக்குள் புகுந்தால் எந்தக் கூரையும் காக்காது. 1964 திசம்பர் 22ஆம் நாள் இரவு தனுசுகோடிக்கு நேர்ந்தது அதுதான். அங்கே தேவை முன்னறிவிப்பும் மேட்டுநில முகாமும். கூரையை விட்டு மக்களை வெளியேற்றுவதே அறிவுடைமை. ஆனால் கடல் எட்டாத ஆயிரமாயிரம் ஊர்களில், ஆண்டுதோறும் மழையிலும் காற்றிலும் சிதைகின்ற கூரைகள் காப்பாற்றக்கூடியவை.

அதை அரசும் உணரத் தொடங்கியிருக்கிறது. 2000–2001ஆம் ஆண்டுக்கு முன்பு அரசுத் திட்டங்களில் கட்டப்பட்ட ஊரக வீடுகளைப் பழுதுபார்க்க 2024இல் தனித் திட்டம் அறிவிக்கப்பட்டது. கட்டுவதோடு கடமை முடிவதில்லை, காப்பதும் கடமை என்ற எண்ணம் ஆணையாக வடிவெடுத்தது வரவேற்கத்தக்கது. அந்த ஆணை கடைக்கோடிச் சேரிவரை சென்று சேர்கிறதா என்று பார்ப்பது நம் பொறுப்பு.

இளைஞர் கடமை

பழுதுபார்ப்பதற்கு மாலை இல்லை, மேளம் இல்லை. புது வீட்டுக்குத் திறப்பு விழா உண்டு. பெயர்ப் பலகை உண்டு. அடைபட்ட தூம்பைத் திறந்தவனுக்கு யார் பலகை வைப்பார்? பொன் வேய்ந்தவன் பெயர் ஆயிரம் ஆண்டு நிற்கிறது. கீற்று வேய்ந்தவன் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. இந்த மனப்பான்மையைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

உங்கள் ஊரில் படிப்பகம் இருக்கும், மன்றம் இருக்கும். புரட்டாசி பிறக்கும் முன் ஓர் ஞாயிற்றுக்கிழமை அதைப் பூட்டிவிட்டு, ஒரு நோட்டுடன் தெருத்தெருவாகச் செல்லுங்கள். எந்தக் கூரையில் கட்டு நைந்திருக்கிறது, எந்தத் தளத்தில் நீர் தேங்குகிறது, எங்கே கம்பி தெரிகிறது, எங்கே தகரத்தின் ஆணி கழன்றிருக்கிறது என்று எழுதுங்கள். மனைப்பட்டா இல்லாத வீடுகளைத் தனியே குறியுங்கள். கயிறும் கீற்றும் சாந்தும் கொண்டு உங்கள் கையால் முடிவதை அடுத்த ஞாயிறே முடியுங்கள். முடியாததை மனுவாக்கி ஊராட்சிக்குக் கொண்டு செல்லுங்கள், ஊர்க்கூட்டத்தில் படியுங்கள், பதில் வரும்வரை விடாதீர்கள். கணவனை இழந்து தனியே வாழும் தாயின் வீட்டுக் கூரையை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். கூரை வேயும் முதியவரை அழைத்து, முடிச்சுப் போடும் முறையைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். அந்தக் கைகளுக்குள்தான் எழுதப்படாத பல்கலைக்கழகம் இருக்கிறது.

நல்ல நாள் எது என்று யாரேனும் கேட்டால், மழை வராத நாள் நல்ல நாள் என்று சொல்லுங்கள். எந்தத் திசையில் தொடங்குவது என்று கேட்டால், ஒழுகும் திசையில் தொடங்குவோம் என்று சொல்லுங்கள்.

சாந்து பூச அரசாணை வேண்டிய காலம் போயிற்று. குடை பிடித்தால் குற்றம் என்ற காலம் போயிற்று. மண்ணும் உரிமையாயிற்று. இன்னும் ஓர் ஏழையின் கூரை ஒழுகுமானால், அதற்கு விதியைக் காரணம் காட்ட வழியில்லை. நம் அசட்டையைத்தான் காட்ட வேண்டும். மழைமேகம் கடலில் திரளும்முன் ஏணியை எடுங்கள்!